தெரியாமல் திருப்பிய க்யூப்: யார் நஷ்டப்பட வேண்டும்?

பேக்கமன் பலகையில் பகடைகளைத் தவிர இன்னொரு கட்டையும் இருக்கும். அதை யாரும் உருட்டுவதில்லை. ஆறு பக்கங்களிலும் 2, 4, 8, 16, 32, 64 என்று எழுதியிருக்கும். பெயர் டபுளிங் க்யூப். ஆட்டத்தில் அதிகச் சண்டை வருவதும் இதனால்தான். பகடை சாய்ந்து விழுந்தால் மறுபடி உருட்டச் சொல்லிவிடலாம். காயைத் தப்பான கட்டத்தில் வைத்தால் எடுத்து மாற்றி வைக்கச் சொல்லலாம். ஆனால் க்யூபைத் தொடக்கூடாத நேரத்தில் ஒருவர் தெரியாத்தனமாகத் தொட்டு, எதிராளியும் கவனிக்காமல் பதில் சொல்லிவிட்டால்? அங்கேதான் எல்லோரும் விழிக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் குழப்பத்தைப் பற்றியது. ஏமாற்றுக்காரர்களைப் பற்றியது அல்ல. அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமல், மறதியாலோ களைப்பாலோ விதியை மீறியவரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

முதலில், ஆட்டம் தெரியாதவர்களுக்கு

பேக்கமன் மிகப் பழைய பலகை விளையாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் க்யூப் புதுசு. 1920களில் நியூயார்க் கிளப்புகளில் பணம் வைத்து ஆடியவர்கள் மத்தியில் வந்தது. வேலை எளிது. உங்கள் முறை வந்து, பகடை உருட்டுவதற்கு முன்னால், "டபுள்" என்று சொல்லி க்யூபை 2 மேலே தெரியும்படி திருப்பி எதிராளி பக்கம் வைக்கலாம். இந்த ஆட்டத்தின் பந்தயம் இரண்டு மடங்காகிறது என்று அர்த்தம். எதிராளிக்கு இரண்டே வழி. ஒன்று, ஒதுங்கிக்கொண்டு பழைய பந்தயத்தை, அதாவது 1 புள்ளியைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகலாம். இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டு இரட்டைப் பந்தயத்தில் தொடரலாம். ஏற்றுக்கொண்டால் க்யூப் அவருக்குச் சொந்தம். அடுத்த தடவை இரட்டிக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான்.

நூற்றுக்கு இருபத்தைந்து வாய்ப்பு இருந்தாலே ஏற்கலாம் என்பது பாலபாடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட நாலு ஆட்டத்திலும் ஒதுங்கினால் 4 புள்ளி போச்சு. நாலையும் ஏற்றால் மூன்றில் தோற்று 6 போகும், ஒன்றில் ஜெயித்து 2 வரும். அதுவும் 4 புள்ளி நஷ்டம்தான். ஆக, கால்வாசிக்கு மேலே இருந்தால் ஏற்பதுதான் லாபம். பார்க்கச் சின்னக் கட்டை, ஆனால் ஆட்டத்தின் பாதித் திறமை அதற்குள்தான் இருக்கிறது.

போட்டி என்று வந்துவிட்டால் இன்னொரு விதி சேர்கிறது. 7 புள்ளி வரை ஆடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் முதன்முதலாக 6-ஐத் தொட்டதும், அடுத்த ஒரே ஒரு ஆட்டத்தில் க்யூப் கிடையாது. அதற்குப் பிறகு மறுபடி உண்டு. இதற்குக் க்ராஃபோர்ட் விதி என்று பெயர். ஜான் க்ராஃபோர்ட் என்ற அமெரிக்க பிரிட்ஜ் ஆட்டக்காரரின் பெயரால் வந்தது.

ஏன் இப்படி ஒரு விதி? பின்தங்கியவர் எப்படியும் இந்த ஆட்டத்தில் தோற்றால் போட்டியே போச்சு. 1 புள்ளியில் தோற்றாலும் 2 புள்ளியில் தோற்றாலும் அவருக்கு ஒன்றுதான். அதனால் முதல் வாய்ப்பிலேயே க்யூபைத் திருப்பிவிடுவார். ஜெயித்தால் இரட்டை லாபம், தோற்றால் கூடுதல் நஷ்டம் இல்லை. முன்னிலையில் இருப்பவர் பாடுபட்டுச் சேர்த்த முன்னிலை அதோடு கரைந்துவிடும். அது அநியாயம் என்று, ஒரே ஒரு ஆட்டத்துக்கு மட்டும் அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள்.

இந்தக் காரணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தவறுகள் எத்தனை வகை

க்யூப் விஷயத்தில் நல்லவர்களும் செய்யும் தவறுகளைப் பட்டியல் போட்டால் இப்படி வரும்:

1. க்ராஃபோர்ட் ஆட்டம் என்பதை மறந்து டபுள் சொல்வது.

2. க்யூப் எதிராளிக்குச் சொந்தமாக இருக்கும்போது, நடுவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு தான் திருப்புவது.

3. எதிராளி இன்னும் தன் முறையை முடிக்கவில்லை, பகடையைக் கையில் எடுக்கவில்லை. அதற்குள் அவசரப்பட்டு டபுள் சொல்வது.

4. டபுள் சொல்லிவிட்டு, பதில் வருவதற்கு முன்பே பகடையை உருட்டிவிடுவது.

5. 2-லிருந்து 4-க்குப் போக வேண்டிய க்யூபை 8 தெரியும்படி வைத்துவிடுவது. அல்லது போன ஆட்டத்தில் இருந்த க்யூபை நடுவுக்குக் கொண்டுவராமலே அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவது.

6. புள்ளிக் கணக்கையே தப்பாக எழுதி, க்ராஃபோர்ட் ஆட்டம் வந்ததே தெரியாமல் இருவரும் ஆடிவிடுவது.

இந்த ஆறையும் "விதிமீறல்" என்ற ஒரே பெட்டியில் போட்டு ஒரே தீர்ப்புச் சொல்வதுதான் முதல் தப்பு. இவை ஒரே ஜாதி இல்லை.

3-ம் 4-ம் நேரம் தப்பிய செயல்கள். அந்த ஆட்டக்காரருக்கு உரிமை இருக்கிறது. கொஞ்சம் முந்திவிட்டார், அவ்வளவுதான். 5 எழுத்துப்பிழை மாதிரி. நடந்தது ஒன்று, கட்டை காட்டுவது வேறு. 1-ம் 2-ம் வேறு ரகம். அங்கே உரிமையே இல்லை. இல்லாத அதிகாரத்தை ஒருவர் பயன்படுத்துகிறார். 6 இருவரும் சேர்ந்து செய்யும் தவறு.

முந்திக்கொண்டவர்

எளிதான வகையை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்கப் போட்டி விதிகளில் நெடுங்காலமாக ஒரு நல்ல கொள்கை இருக்கிறது. அவசரப்பட்டுச் செய்த க்யூப் செயலோ பகடைச் செயலோ, மற்றபடி செல்லக்கூடியதாக இருந்தால், செல்லும். ஆனால் தன் முறையை இன்னும் முடிக்காத எதிராளி, அந்த அவசரச் செயலைத் தெரிந்துகொண்ட பிறகு தன் முடிவை எடுக்கலாம்.

உதாரணம்: கறுப்புக்காய்க்காரர் டபுள் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பகடையையும் உருட்டிவிட்டார். வந்தது 6-6. வெள்ளைக்காய்க்காரர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாக ஒதுங்கலாம். மோசமான 2-1 வந்திருந்தால் சிரித்துக்கொண்டே ஏற்கலாம்.

இதில் தண்டனை என்று தனியாக எதுவும் இல்லை. நடுவரைக் கூப்பிட வேண்டியதில்லை, யாருடைய எண்ணத்தையும் ஆராய வேண்டியதில்லை. செய்த அவசரமே செய்தவருக்குச் செலவு வைக்கிறது. எதிராளிக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. தெரியாமல் செய்தாலும் தெரிந்தே செய்தாலும் விளைவு ஒன்றுதான் என்பதால் ஏமாற்றவும் இதில் வழி இல்லை. ஒரு நல்ல விதிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

8 காட்டும் க்யூப் விஷயமும் அதே மாதிரி எளிது. 2-ஐ இரட்டித்தால் 4. அதை யாரும் பேரம் பேசி முடிவு செய்வதில்லை. கட்டை என்பது ஒப்பந்தத்தின் குறிப்பேடு மட்டும்தான். குறிப்பேட்டில் தப்பாக எழுதினால் திருத்திக்கொள்ள வேண்டுமே தவிர, தப்பாக எழுதியதற்காகப் பந்தயம் மாறாது. கைபட்டு உருண்ட க்யூபும் அப்படியே.

கஷ்டமான வகை

இனிதான் சிக்கல். 7 புள்ளிப் போட்டி. வெள்ளை 6, கறுப்பு 5. இது க்ராஃபோர்ட் ஆட்டம். கறுப்பு அதை மறந்து டபுள் சொல்கிறார். வெள்ளையும் மறந்துவிட்டார். யோசித்து ஏற்கிறார், அல்லது ஒதுங்குகிறார். பிறகு யாரோ ஒருவருக்கு ஞாபகம் வருகிறது. என்ன செய்வது?

மூன்று கட்சிகள் உண்டு.

முதல் கட்சி: "நடந்தது நடந்ததுதான். வெள்ளைக்கும் கண் இருக்கிறது. அவர் பதில் சொன்ன பிறகு செல்லும்."

இரண்டாம் கட்சி: "செல்லாது. க்யூபை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்."

மூன்றாம் கட்சி: "செல்லாது என்றால் போதாது. கறுப்புக்குத் தண்டனை வேண்டும். இல்லாவிட்டால் ஆளாளுக்கு முயற்சி செய்து பார்ப்பார்கள்."

முதல் கட்சி கேட்க நியாயமாகத் தோன்றும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு உடனே நினைவு வரும். நடுவர் பந்தைத் தப்பாக எண்ணி ஓவரில் ஐந்து பந்தோ ஏழு பந்தோ போடவைத்துவிட்டால், எண்ணியபடியே அந்த ஓவர் செல்லும் என்றுதான் விதி. பின்னால் போய்த் திருத்துவதில்லை. பிரிட்ஜிலும் ஒருவர் போதாத ஏலம் கேட்டுவிட்டால், அடுத்து இருக்கும் எதிராளி விரும்பினால் அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆக, "ஏற்றால் செல்லும்" என்பது ஒன்றும் விசித்திரமான கொள்கை இல்லை.

ஆனால் இங்கே அது ஏன் பொருந்தவில்லை என்று எண்களை வைத்துப் பார்க்கலாம்.

6-5-ல் விதிப்படி க்யூப் இல்லாமல் ஆடினால் கறுப்பு போட்டியை ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு? சம பலம் உள்ளவர்கள் என்று வையுங்கள். நூறு தடவை ஆடினால் இந்த ஆட்டத்தைக் கறுப்பு 50 தடவை ஜெயிப்பார். அதில் ஏறக்குறைய கால்வாசி, சுமார் 12 தடவை, கேமன் வரும். கேமன் என்றால் எதிராளி ஒரு காயைக்கூட வெளியே எடுக்காத நிலையில் தோற்பது. அதற்கு இரட்டைப் புள்ளி. அந்த 12 தடவையும் நேராகப் போட்டி கறுப்புக்கு. மீதி 38 தடவை 6-6 ஆகி, கடைசி ஆட்டத்தில் பாதிக்குப் பாதி, அதாவது 19. மொத்தம் 31.

இப்போது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அந்தச் செல்லாத க்யூப் திரும்பிவிட்டது என்று வையுங்கள். வெள்ளை ஏற்றால் இந்த ஆட்டத்தை ஜெயிப்பவருக்குப் போட்டி. கறுப்புக்கு 50. வெள்ளை ஒதுங்கினால் 6-6. அப்போதும் கறுப்புக்கு 50. வெள்ளை என்ன பதில் சொன்னாலும் கறுப்பின் வாய்ப்பு 31-லிருந்து 50-க்கு ஏறிவிடுகிறது!

இதுதான் விஷயம். பிரிட்ஜில் போதாத ஏலத்தை ஏற்கும் எதிராளி, தனக்கு லாபம் என்று தெரிந்து ஏற்கிறார். அது அவருக்குக் கொடுத்த சலுகை. இங்கே வெள்ளைக்கு எந்தப் பதிலிலும் லாபம் இல்லை. இந்த ஆட்டத்தை ஜெயித்தால் அவருக்கு 1 புள்ளியே போதும், 2 எதற்கு? ஏற்பதால் கிடைப்பது ஒன்றும் இல்லை, இழப்பது மட்டும் உண்டு. கறுப்புக்கோ தவறு செய்ததால் கிட்டத்தட்ட இருபது சதவீதம் பரிசு. கறுப்பு கேமன் அடிக்கும் அளவுக்கு முன்னேறியிருக்கும்போது டபுள் சொல்லி வெள்ளை ஒதுங்கினால் மட்டும்தான் கணக்கு மாறும். அது அபூர்வம்.

ஆக, "வெள்ளையும் கவனித்திருக்க வேண்டும்" என்ற வாதத்தின் உண்மையான அர்த்தம் இது: இருவர் ஒரே தவறைச் செய்தார்கள், இருவரும் மறந்தார்கள், ஆனால் முதலில் மறந்தவருக்குப் பரிசு, இரண்டாவதாக மறந்தவருக்கு அபராதம். அதுவும் எந்த ஆட்டத்தில்? முன்னிலையில் இருப்பவரைப் பாதுகாக்கவென்றே உண்டாக்கிய ஆட்டத்தில்.

இருவர் ஒத்துக்கொண்டால் போதாதா?

முதல் கட்சியின் அடுத்த வாதம்: "இது இருவருக்குள் நடக்கும் விஷயம். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். மூன்றாம் ஆளுக்கு என்ன?"

இந்த எண்ணம் பணம் வைத்து ஆடிய மேஜையிலிருந்து வந்தது. அங்கே அது சரி. இருவர் தங்கள் காசுக்கு ஆடும்போது எந்த விதியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் 1964-இல் அலெக்சிஸ் ஒபலென்ஸ்கி கிராண்ட் பஹாமா தீவில் முதல் பெரிய சர்வதேசப் போட்டியை நடத்தியதிலிருந்து பேக்கமன் வேறு ஆட்டமாகிவிட்டது. போட்டியில் இந்த மேஜையில் ஜெயிப்பவர் அடுத்த சுற்றில் வேறு ஒருவரோடு ஆடப் போகிறார். பரிசுத்தொகையில் எல்லோருடைய நுழைவுக் கட்டணமும் இருக்கிறது. இருவர் கூடிப் பேசி ஒரு விதியைத் தள்ளுபடி செய்யும் உரிமை அங்கே கிடையாது. தெரிந்தே செய்ய முடியாததைத் தெரியாமல் செய்தால் மட்டும் செல்லும் என்பது வேடிக்கையாக இல்லையா?

காய் நகர்த்தும் விதிகளிலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது. பழைய வழக்கப்படி, எதிராளி தப்பாகக் காய் நகர்த்தினால் அதைத் திருத்தச் சொல்வதா, கண்டுகொள்ளாமல் விடுவதா என்பது உங்கள் விருப்பம். உங்களுக்கு லாபமாக இருந்தால் பேசாமல் இருந்துவிடலாம். இப்போது பல போட்டிகளில் தப்பான நகர்த்தலை யார் பார்த்தாலும், அது யாருக்கு லாபமாக இருந்தாலும், திருத்தியே ஆக வேண்டும். காய்க்குச் சரியான நியாயம் க்யூபுக்கு மட்டும் ஏன் தப்பு?

தண்டனை வேண்டுமா?

மூன்றாம் கட்சிக்கு வரலாம். சதுரங்கத்தில் செல்லாத நகர்த்தலுக்குத் தண்டனை இருக்கிறது. ஃபிடே விதிப்படி முதல் தடவை எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதல். அதே ஆள் இரண்டாம் தடவை செய்தால் ஆட்டமே போச்சு. பேக்கமனிலும் அப்படி வைத்தால் என்ன?

இதற்குப் பதில் கோல்ஃபிலிருந்து. 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ரொபெர்டோ டி விசென்ஸோ கடைசி நாள் 17-வது குழியை 3 அடியில் முடித்தார். கூட ஆடியவர் கைத்தவறாக 4 என்று எழுதிவிட்டார். டி விசென்ஸோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்றைய விதிப்படி, கையெழுத்துப் போட்ட பிறகு அதிக எண்தான் செல்லும். 65 அடித்தவருக்கு 66 என்று கணக்கு. பாப் கோல்பியோடு சமநிலையில் நின்று மறுபடி ஆடியிருக்க வேண்டியவர், ஒரே ஒரு அடியில் பட்டத்தை இழந்தார். அத்தனை பேரும் பார்க்க அவர் 3 அடித்தார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் தாள் 4 என்றது.

விதி சரியாகத்தான் பின்பற்றப்பட்டது. இருந்தும் இத்தனை வருஷம் கழித்துப் படிப்பவருக்கும் மனசு ஆறவில்லை. ஏனென்றால் தவறின் அளவுக்கும் தண்டனையின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. அதே கோல்ஃப்தான் பின்னாளில் கொஞ்சம் இளகியது. 2019 விதிகளின்படி, பசும்புல் மேடையில் கைதவறிப் பந்து அசைந்துவிட்டால் தண்டனை இல்லை, எடுத்துப் பழைய இடத்தில் வைத்தால் போதும். உலகம் இடிந்துவிடவில்லை. கோல்ஃப் ஆட்டக்காரர்கள் எல்லோரும் வேண்டுமென்றே பந்தைத் தட்டிவிட ஆரம்பிக்கவும் இல்லை.

"தண்டனை இல்லாவிட்டால் முயற்சி செய்து பார்ப்பார்கள்" என்பதற்கும் பதில் உண்டு. செல்லாது என்ற விதி உறுதியாக இருந்தால் முயற்சியில் கிடைப்பது என்ன? கண்டுபிடித்ததும் க்யூப் போய்விடும். கூடவே, கறுப்பு தன் நிலையை எவ்வளவு நன்றாக நினைக்கிறார் என்று எதிராளிக்குச் சும்மா தெரிந்துவிடும். முதல் தடவை மறதி. அதே போட்டியில் அதே ஆள் இரண்டாம் தடவை செய்தால், நடுவர் தண்டனை கொடுக்கட்டும். அதற்கு யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள்.

சரி, எதுவரை திருத்தலாம்?

இரண்டாம் கட்சிதான் சரி என்றால் அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. எப்போது வேண்டுமானாலும் பின்னோக்கிப் போய்த் திருத்தலாம் என்றால் எந்தப் போட்டியும் முடியாது. ஒரு எல்லை வேண்டும். அடுத்த ஆட்டத்தின் முதல் பகடை விழும் நேரம்தான் அந்த எல்லையாக இருக்க வேண்டும்.

இதை மூன்று நிலைகளில் பார்க்கலாம்.

வெள்ளை ஏற்றுவிட்டார், ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, அப்போது ஞாபகம் வருகிறது. க்யூபை எடுத்து வெளியே வைக்க வேண்டும். காய்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஆட்டம் 1 புள்ளிக்குத் தொடரட்டும். இடையில் சில நகர்த்தல்களை வேறு கணக்கில் செய்திருப்பார்கள். போகட்டும், இருவருக்கும் அது பொது.

வெள்ளை ஒதுங்கிவிட்டார், காய்கள் இன்னும் கலையவில்லை. இதுவும் எளிது. டபுளும் செல்லாது, ஒதுங்கியதும் செல்லாது. கறுப்பு பகடையை உருட்ட வேண்டியதுதான்.

வெள்ளை ஒதுங்கி, காய்களைக் கலைத்தும் விட்டார்கள். இங்கேதான் தகராறு. இன்று பல ஆட்டக்காரர்கள் கஷ்டமான க்யூப் முடிவு வந்தால், பிறகு கணினியில் சோதிப்பதற்காக பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். படம் இருந்தாலோ, இருவரும் நிலையை ஒத்துக்கொண்டாலோ மறுபடி அடுக்கி ஆடலாம். இல்லாவிட்டால் அந்த ஆட்டத்தை முதலிலிருந்து, க்யூப் இல்லாமல், மறுபடி ஆட வேண்டும். இதில் கறுப்புக்கு நஷ்டம்தான். அவர் முன்னிலையில் இருந்ததால்தானே வெள்ளை ஒதுங்கினார். ஆனால் தொடங்கிவைத்த தவறு அவருடையது. யாராவது ஒருவர் நஷ்டப்பட்டே ஆக வேண்டும் என்ற கட்டத்தில், அது தவறைத் தொடங்கியவராக இருப்பதுதான் நியாயம். (வெள்ளை தெரிந்தே ஒதுங்கி, வேண்டுமென்றே வேகமாகக் காய்களைக் கலைத்தால்? அது மறதி இல்லை, ஏமாற்று. நடுவர் அதை வேறு மாதிரி பார்க்க வேண்டும்.)

அடுத்த ஆட்டத்தின் முதல் பகடை விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. இருவரும் புதிய புள்ளிக் கணக்கை நம்பி முடிவு எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இனிமேல் திருத்தினால் பழைய அநியாயத்தைச் சரிசெய்யப் போய்ப் புது அநியாயம் வரும். கிரிக்கெட் நடுவரின் கணக்கு இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. ஆறாவது வகைத் தவறுக்கும், அதாவது புள்ளியையே தப்பாக எழுதியதற்கும், இதே எல்லை போதும்.

எதிராளிக்குச் சொந்தமான க்யூபைத் திருப்பியவருக்கும் இதே மூன்று நிலைகள். பெயர் மட்டும் வேறு.

இந்த இடத்தில் இன்னொரு வேறுபாட்டையும் மறக்கக்கூடாது. செல்லாத டபுள் வேறு, முட்டாள்தனமான டபுள் வேறு. க்ராஃபோர்ட் ஆட்டம் முடிந்த பிறகு, 6 புள்ளியில் இருப்பவர் பழக்க தோஷத்தில் டபுள் சொன்னால் அது மகா முட்டாள்தனம். தனக்கு ஒன்றும் கிடைக்காமல் எதிராளிக்கு க்யூபைத் தானம் செய்கிறார். ஆனால் அவருக்கு உரிமை இருக்கிறது. அது செல்லும். "ஐயோ, மறந்துவிட்டேன்" என்று திரும்பக் கேட்க முடியாது. மறதிக்கு எல்லா இடத்திலும் மன்னிப்பு உண்டு என்பது இங்கே வாதம் இல்லை. இல்லாத உரிமையை மறதி உண்டாக்கிவிட முடியாது என்பது மட்டும்தான் வாதம்.

அதே க்ராஃபோர்ட் ஆட்டத்தில் முன்னிலையில் இருக்கும் வெள்ளையே மறந்து டபுள் சொன்னால்? அவருக்குத்தான் ஆபத்து. தானாகக் குழியில் விழுந்தவரை ஏன் தூக்கிவிட வேண்டும் என்று தோன்றும். ஆனால் விதி ஆள் பார்த்து மாறக்கூடாது. அந்த ஆட்டத்தில் க்யூப் இல்லை என்றால் இருவருக்குமே இல்லை.

கணினி சொல்லட்டுமே?

எக்ஸ்ட்ரீம் கேமன் மாதிரி மென்பொருள்கள் எந்த நிலையிலும் யாருக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லிவிடும். அப்படியானால் பிரிட்ஜ் நடுவர் செய்வது போல, இழந்த வாய்ப்பை ஈடுகட்டித் திருத்திய மதிப்பெண் கொடுக்கலாமே என்று சிலர் கேட்கலாம். நல்ல யோசனைதான், ஆனால் நடக்காது. டூப்ளிகேட் பிரிட்ஜில் பல கைகள், பல மேஜைகள். ஒரு கையின் மதிப்பெண்ணைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். பேக்கமன் போட்டியில் ஒருவர் ஜெயிக்கிறார், மற்றவர் வீட்டுக்குப் போகிறார். முப்பத்தொன்று சதவீத வெற்றியை யாருக்கும் கையில் கொடுக்க முடியாது. அதனால் முடிந்தவரை பழைய நிலைக்குத் திரும்பி ஆடவைப்பதுதான் ஒரே வழி.

மறக்காமல் இருக்க

இத்தனை சட்டம் பேசுவதை விட, தவறு நடக்காமல் பார்த்துக்கொள்வது சுலபம். 1992-இல் ஃபிப்ஸ் என்ற முதல் இணைய பேக்கமன் தளம் வந்ததிலிருந்து, நிறையப் பேர் கணினியில் ஆடிப் பழகியவர்கள். கணினியில் க்ராஃபோர்ட் ஆட்டத்தில் டபுள் சொல்லவே முடியாது. நிரல் விடாது. புள்ளியைக் கணினி பார்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தோடு நிஜப் பலகைக்கு வருபவர்களுக்குத் தாங்களே எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும் என்பது சட்டென்று உறைப்பதில்லை. இது அவர்கள் குற்றம் என்று சொல்ல முடியாது. புதிதாக வந்தவரை முதல் போட்டியிலேயே இந்தத் தவறுக்காகக் கசக்கிப் பிழிந்தால் அடுத்த தடவை அவர் வரவே மாட்டார்.

செய்ய வேண்டியது மூன்று. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் இருவரும் புள்ளியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். க்ராஃபோர்ட் ஆட்டம் தொடங்கும்போது அதையும் சொல்ல வேண்டும். முக்கியமாக, க்யூபை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட வேண்டும். இல்லாத க்யூபை யாராலும் திருப்ப முடியாது அல்லவா :-)

இத்தனைக்குப் பிறகும் தவறு நடக்கும். மனிதர்கள் ஆடும் ஆட்டம். எட்டு மணி நேரம் பகடை உருட்டிய பிறகு 5-ம் 6-ம் ஒன்று போலத் தெரியும். அப்போது மேஜைக்கு வரும் நடுவர் கேட்க வேண்டியது "யார் கவனிக்கவில்லை?" என்பது அல்ல. இருவருமே கவனிக்கவில்லை, அதனால்தான் அவரைக் கூப்பிட்டார்கள். "அந்த க்யூபைத் திருப்ப அவருக்கு உரிமை இருந்ததா?" என்று மட்டும் கேட்கட்டும். இருந்தது என்றால் செல்லும், எவ்வளவு வலித்தாலும் சரி. இல்லை என்றால் செல்லாது, யார் தலையாட்டியிருந்தாலும் சரி. பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் கட்சிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த 31-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கும் 19-ஐ வெள்ளை ஏன் இழக்க வேண்டும் என்று பின்னூட்டத்தில் சொல்லட்டும்.